பதவி நீங்கிய பின்னும் நிற்பவை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டம் பொறுப்புகள் கைமாறும் கூட்டம். பதவிக்காலம் நிறைவுற்றோர் கணக்கை ஒப்படைக்கின்றனர், புதியோர் ஏற்கின்றனர். இத்தகைய கூட்டங்களில் விடைபெறுவோருக்குப் பொன்னாடை போர்த்துவதும் வருவோரை வாழ்த்துவதும் வழக்கம். அவ்வழக்கத்தை மற்ற பெரியவர்கள் செவ்வனே நிறைவேற்றுவார்கள். கல்விக் குழுவின் சார்பில் நாம் வேறொரு கேள்வியை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம். ஒருவர் ஒரு பொறுப்பிலிருந்து விலகிச் செல்லும்போது அவர் செய்த சாதனையை எதைக்கொண்டு அளப்பது? அவர் இருந்தபோது எழுந்த கட்டடங்களைக் கொண்டா, அல்லது அவர் போன பின்பும் தாமாக நடந்துகொண்டிருப்பவற்றைக் கொண்டா?

இக்கேள்விக்கு விடை தேட நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பல்கலைக்கழகத் தலைமையின் வரலாறு. 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து விடைபெற்றவர் டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் அவர்கள். வேம்பாரில் கூடியிருக்கும் நமக்கு அவரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். 1966 வரை நம் தென்கரையில் எவர் பட்டம் பெற்றாலும் அப்பட்டம் பெரும்பாலும் சேப்பாக்கத்திலிருந்தே வந்தது. நம் பகுதியின் மூத்த தலைமுறைப் பட்டதாரிகளின் வீட்டுச் சுவரில் தொங்கும் சான்றிதழ்களில் இருப்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரைதான். ஆகவே அது நமக்கு அயலார் கதையன்று.

வந்த வழி

முதலியார் அவர்கள் 1887-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் கர்நூலில் பிறந்தார். உடன்பிறந்த இரட்டையர் சர் ஏ. இராமசுவாமி முதலியார். ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூகக் குழுவுக்கு 1946-இல் முதல் தலைவராக அமர்ந்தவர் அவர். இவரோ மருத்துவத்தைத் தேர்ந்தார். மகப்பேறு மருத்துவத்தில் பெரும்புகழ் பெற்று, சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். மகப்பேறு மருத்துவம் பற்றி அவர் எழுதி 1938-இல் வெளிவந்த பாடநூல், பின்னர் வந்தவர்களால் திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டு, பல தலைமுறை மருத்துவ மாணவர்களின் கைகளில் தவழ்ந்தது.

அவருக்கு முன் அப்பொறுப்பில் இருந்தவர் யார் என்பதும் நாம் அறியத்தக்கது. 1940 முதல் 1942 வரை துணைவேந்தராக இருந்தவர் தஞ்சையில் பிறந்த சர் முஹம்மது உஸ்மான் அவர்கள். 1934-இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் இருந்தவர். இன்று சென்னைக்குத் துணி எடுக்கப் போகும் நம் குடும்பங்கள் தியாகராய நகரில் நடந்து திரியும் உஸ்மான் சாலை அவர் பெயரால் அமைந்ததே. அவர் துணைவேந்தராக இருந்த காலம் இரண்டே ஆண்டுகள். எனினும், சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய நாட்டு மருத்துவ முறைகளை ஆராய 1920-களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். அதன் அறிக்கையைத் தொடர்ந்து சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. ஆகவே ஆண்டுகளின் எண்ணிக்கை மட்டுமே ஒருவரின் பணியை அளந்துவிடாது என்பதை முதலிலேயே மனத்தில் கொள்வோம். இரண்டு ஆண்டு இருந்தவரும் 27 ஆண்டு இருந்தவரும் ஒரே அளவுகோலுக்கு உட்பட்டவர்களே.

ஆட்களைத் தேர்ந்த அருமை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கப்பட்டபோது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. வினாத்தாள் அனுப்புவதும் விடைத்தாள் திருத்துவதும் பல்கலைக்கழகத்தின் வேலை. 1910-களிலிருந்து சில ஆய்வுத் துறைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. அவற்றை வளர்த்தும் புதியன சேர்த்தும், ஆராய்ச்சி செய்யும் பல்கலைக்கழகம் என்று உலகம் மதிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது முதலியாரின் காலம்.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். பௌதிகத்தில் சிறந்த ஆய்வுத் துறை ஒன்று வேண்டுமென்று விரும்பிய முதலியார், நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமனையே அணுகினார். இராமன் தாம் வர இயலாதென்று கூறி, தம் மாணவர் ஒருவரைப் பரிந்துரைத்தார். அவர்தான் ஜி. என். இராமச்சந்திரன். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டியே இருந்தது. அந்த வயதினர் ஒருவரிடம் 1952-இல் ஒரு முழுத்துறையின் தலைமை ஒப்படைக்கப்பட்டது. நம் சபைகளில் முப்பது வயது இளைஞருக்குக் கணக்குப் புத்தகத்தைக் கொடுக்கவே தயங்குகிறோம் என்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்பது அக்கால விஞ்ஞானிகளுக்கு விடுகதையாக இருந்தது. கிண்டி வளாகத்துக்கு அடுத்திருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியோடும், கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த மாதிரியைக் கொண்டும் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆராய்ந்தனர். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு போன்றது அப்புரதத்தின் வடிவம் என்று 1954-இல் உலகுக்கு அறிவித்தனர். பாய்மரக் கயிறும் வலைக் கயிறும் முறுக்கிப் பழகிய நம் கரையினர்க்கு அவ்வடிவம் எளிதில் விளங்கும். 1963-இல் வெளிவந்த இராமச்சந்திரன் வரைபடமோ, இன்றும் உலகெங்கும் புரதங்களை ஆராயும் ஒவ்வொருவரும் கற்கும் பாடமாக உள்ளது.

இதில் முதலியார் செய்தது என்ன? அவர் பௌதிக அறிஞர் அல்லர். தகுதி உடையவரைத் தேடினார். கேட்டவரின் பரிந்துரையை ஏற்றார். கருவியும் இடமும் கொடுத்தார். பின்னர் அவரை வேலை செய்ய விட்டார். தலைமையின் முதற்கடமை இதுவே என்று நாம் கருதுகிறோம்.

கொடையை நிலைக்கச் செய்தல்

இரண்டாவது செய்தி, கொடையாளர்களோடு தொடர்புடையது. கல்விக்கு வாரி வழங்கிய காரைக்குடி வள்ளல் டாக்டர் அழகப்பச் செட்டியார் அவர்களின் நன்கொடையால் 1944-இல் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி உருவாயிற்று. அது தனியார் கல்லூரியாக அன்றிப் பல்கலைக்கழகத்தின் பகுதியாகவே தோன்றியது. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டபோது அதன் நான்கு அடித்தளக் கல்லூரிகளுள் ஒன்றாகிவிட்டது. கொடுத்தவர் மறைந்தார், கட்டியவர் பதவி நீங்கினார், பல்கலைக்கழகமே மாறிற்று, கல்லூரி மட்டும் நின்றது.

இதனினும் பெரிய பாடம் இராமானுஜன் கணித நிறுவனத்தின் வரலாற்றில் உள்ளது. கணித மேதை இராமானுஜனின் பெயரால் 1950-இல் அழகப்பர் அந்நிறுவனத்தைச் சென்னையில் நிறுவினார். 1957-இல் அவர் காலமானபோது அதன் எதிர்காலம் கேள்விக்குறியாயிற்று. ஒரு தனிமனிதரின் பணப்பையை நம்பி நின்ற எந்த நிறுவனத்துக்கும் நேரக்கூடிய நிலைதான் அது. அப்போது சென்னைப் பல்கலைக்கழகம் அதனைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. 1967-இல் பல்கலைக்கழகக் கணிதத் துறையோடு இணைந்து உயர் கணித ஆய்வு நிறுவனமாகத் தொடர்ந்தது. இன்றும் சேப்பாக்கத்தில் இயங்கி வருகிறது.

வக்ஃபு என்றால் என்ன என்று அறிந்த சமுதாயத்துக்கு இதன் கருத்தை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கொடையாளி கொடுக்கிறார். கொடையை விதிக்கும் கணக்குக்கும் பொதுப்பொறுப்புக்கும் உட்படுத்தினால்தான் அது கொடையாளியின் ஆயுளைத் தாண்டும். இல்லையேல் ஜனாஸாவோடு கொடையும் அடங்கிவிடும்.

பிரித்துக் கொடுத்த பெருக்கம்

மூன்றாவது செய்தி, நம் மாவட்டத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. முதலியாரின் காலத்தில்தான் கல்லூரிகள் பெருநகரங்களை விட்டுச் சிற்றூர்களை நோக்கி நடந்தன. தூத்துக்குடியில் பெண்களுக்கான தூய மரியன்னை கல்லூரி 1948-இல் தோன்றியது. வ. உ. சிதம்பரம் கல்லூரி 1951-இல் தோன்றியது. முஸ்லிம் சமுதாயத்தின் முயற்சியால் எழுந்த கல்லூரிகளும் இக்காலத்தில் அணிவகுத்தன. திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் 1951-இல். அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி 1955-இல். அதே ஆண்டில் நீதியரசர் பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் சென்னையில் பெண்களுக்கான எஸ்.ஐ.இ.டி. கல்லூரி, உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-இல், மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-இல். இவற்றை நிறுவிய பெருமை அவ்வூர்ச் செல்வர்களுக்கும் சமுதாயத் தொண்டர்களுக்கும் உரியது. ஆயினும் புதிய கல்லூரிகளுக்கு இணைப்பு வழங்கி, தரத்தை மேற்பார்த்து, அவற்றின் மாணவர்க்குப் பட்டம் அளித்த பல்கலைக்கழகத்தின் தலைமையில் அவ்வளவு காலமும் இருந்தவர் முதலியார்.

நம் அண்டைக் கரையான இராமேசுவரத்தில் படகு வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர், 1954-இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகப் பட்டம் பெற்று வெளியேறினார். அப்பட்டமும் சென்னைப் பல்கலைக்கழகத்தினுடையதே. அப்பிள்ளைதான் பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான டாக்டர் ஏ. பி. ஜெ. அப்துல் கலாம் அவர்கள். முன்னர் நாம் கூறிய இராமச்சந்திரனும் அதே கல்லூரியில் படித்தவரே என்பது கூடுதல் செய்தி.

கல்லூரிகள் பெருகப் பெருக ஒரே பல்கலைக்கழகம் மாநிலம் முழுவதையும் தாங்குவது கடினமாயிற்று. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டு, நம் பகுதி உள்ளிட்ட தென்மாவட்டங்கள் அதன்கீழ்ச் சென்றன. தமிழறிஞர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அதன் முதல் துணைவேந்தரானார். 1990-இல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியபின் நம் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக அலுவலகம் ஒரு பகல் பயணத்துக்குள் வந்துவிட்டது. முதலியார் பொறுப்பேற்றபோது அவர் கையில் இருந்த நிலப்பரப்பை விட, அவர் விடைபெற்றபோது இருந்த பரப்பு சிறியது. ஆனால் கல்வி சென்று சேர்ந்த பரப்பு பன்மடங்கு பெரியது. எல்லை சுருங்குவதைத் தோல்வி என்று எண்ணாத தலைமைக்கே இது கைகூடும்.

புதியதைத் திறக்குமுன் உள்ளதை வலுப்படுத்துதல்

பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் அவர் பணி விரிந்தது. இந்திய அரசு 1952-இல் அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்கு அவரே தலைவர். 1953-இல் அளித்த அறிக்கையில், தாய்மொழி அல்லது வட்டார மொழியே இடைநிலைப் பள்ளியின் பயிற்றுமொழியாக இருக்கவேண்டும் என்றும், மனப்பாடத்தை மட்டும் சோதிக்கும் தேர்வு முறை மாறவேண்டும் என்றும், கைத்தொழிலும் பல்வகைப் பாடங்களும் கொண்ட பலநோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றும் அக்குழு கூறியது. 1961-இல் உலக சுகாதாரப் பேரவையின் தலைவராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவற்றுள் நம் கவனத்தை மிகவும் ஈர்ப்பது, 1959-இல் அமைக்கப்பட்டு அவர் தலைமையில் இயங்கிய மருத்துவ நலத் திட்டக் குழுவின் அறிக்கை. நாடெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் அவசர அவசரமாகத் திறக்கப்பட்டுவந்த காலம் அது. பலவற்றில் மருத்துவர் இல்லை. இருந்தால் மருந்து இல்லை. புதிய நிலையங்களைத் திறக்குமுன் இருப்பவற்றை வலுப்படுத்துங்கள் என்றும், ஒரு நிலையத்தின் பொறுப்பில் 40,000 பேருக்கு மேல் இருக்கலாகாது என்றும், மாவட்ட மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர்கள் வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படுவதை விரும்பும் எவரும் இவ்வாறு பரிந்துரைக்க மாட்டார்கள். உள்ளதைச் சீர்செய்தவருக்குக் கல்வெட்டு வைக்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லை.

மறுபக்கம்

பெருமக்களே, ஒருவரின் சாதனையைக் கூறும்போது மறுபக்கத்தையும் கூறுவதே நேர்மை. 27 ஆண்டுகள் ஒரே நாற்காலியில் ஒருவர் இருப்பது எவ்வளவு நல்லவரானாலும் சிக்கலானதே. 1969-இல் விடைபெற்றபோது முதலியார் அவர்கள் 82 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் பொறுப்பேற்ற ஆண்டில் பிறந்த குழந்தை அதற்குள் பட்டம் பெற்று வேலையிலும் அமர்ந்திருக்கும். அந்தத் தலைமுறைக்குத் துணைவேந்தர் என்றாலே அவர் ஒருவர்தான். அவ்வளவு காலம் ஒருவரின் நிழலில் வளரும் அமைப்பு, அந்நிழல் விலகும்போது வெயிலைத் தாங்குமா என்ற ஐயம் இயல்பாக எழும்.

அவரது ஊக்கத்தில் வளர்ந்த இராமச்சந்திரன், முதலியார் பதவி நீங்கிய பின் நெடுநாள் சென்னையில் தங்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்குச் சென்று, அங்கே புதிய துறையை நிறுவினார். பெரிய மனிதர் ஒருவரின் ஆதரவால் வந்த செல்வத்தில் ஒரு பகுதி, அவர் போனபின் இடம்பெயர்வதும் உண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் சென்னையில் அவர் தொடங்கிய படிகவியல், உயிர்ப்பௌதிகத் துறை மூடப்படவில்லை. அவரிடம் பயின்றவர்களும், அவர்களிடம் பயின்றவர்களும் கிண்டியில் அதைத் தொடர்ந்தனர். மேதை போனார், துறை நின்றது. மேதையைக் கொண்டுவந்தது ஒரு சாதனை என்றால், அவர் போனபின்னும் துறை நிற்குமாறு அதற்குப் பதவிகளும் நிதியும் மாணவர் வரிசையும் அமைந்திருந்தது அதனினும் பெரிய சாதனை.

முதலியாருக்குப் பின் வந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள். காமராசர் காலத்தில் பள்ளிக் கல்வித் துறையின் தலைமையில் இருந்து, பள்ளிப் பகலுணவுத் திட்டத்தைப் பரப்ப உழைத்தவர். மருத்துவ அறிஞர் இருந்த நாற்காலியில் கிராமப் பள்ளிக்கூடங்களை அறிந்தவர் வந்தமர்ந்தார். இருவர் பாதையும் பார்வையும் வேறு. ஆயினும் வகுப்புகள் நடந்தன, தேர்வுகள் நடந்தன, பட்டங்கள் வழங்கப்பட்டன. 27 ஆண்டு இருந்தவர் எழுந்து சென்ற மறுநாளும் அலுவலகக் கதவு வழக்கமான நேரத்தில் திறந்தது என்பதே அவருக்குக் கிடைத்த உண்மையான பொன்னாடை என்று நாம் சொல்வோம். முதலியார் அவர்கள் 1974-இல் மறைந்தார். தரமணியில் உள்ள முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனமும், கல்லூரிகளுக்கிடையேயான தடகளப் போட்டியும் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

நம் கடல் சொல்லும் பாடம்

இதையே நம் கடலை வைத்தும் சொல்லலாம். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், நினைத்த ஆண்டெல்லாம் கடலில் இறங்கிவிட மாட்டார்கள். பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பி எடுத்து, முதிர்ச்சியைப் பார்த்த பின்னரே குளிப்பு அறிவிக்கப்படும். முதிராத பாரைத் தொடாமல் விடுவது வரப்போகிறவனுக்காக. 1955-இல் மீண்டும் தொடங்கிய முத்துக்குளிப்பு 1961-க்குப் பின் நம் கடலில் நடைபெறவில்லை. அதற்குக் காரணங்கள் பல. அவற்றை ஆராய்வது இவ்வுரையின் நோக்கமன்று. ஆனால் அதன்பின் நடந்தது நம் பேச்சோடு தொடர்புடையது. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். கடல் கொடுக்காதபோது கல்வி கொடுத்தது. கல்லூரியையும் ஆய்வுக்கூடத்தையும் முன்பே கட்டி வைத்தவர்கள் இருந்ததால்தான் அது இயன்றது.

நாம் செய்யவேண்டியவை

இவ்வளவும் கூறியது நம் ஜமாஅத்தின் கல்விப் பணியைக் கருதியே. பைத்துல்மாலிலிருந்து மேற்படிப்புக்கு உதவி பெறும் பிள்ளைகள் நம்மிடையே உள்ளனர். பொறுப்பு மாறும் ஒவ்வொரு முறையும் அவர்களின் பெற்றோர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே: இந்த ஆண்டும் உதவி கிடைக்குமா? அக்கேள்வி எழும் வரையில், நம் கல்வி நிதி நபர்களைச் சார்ந்து நிற்கிறதே அன்றி விதியைச் சார்ந்து நிற்கவில்லை. ஆகவே நான்கு செயல்களைக் கல்விக் குழு இப்பேரவை முன் பணிவுடன் வைக்கிறது.

முதலாவதாக, உதவிக்குத் தகுதி யாருக்கு, எவ்வளவு, எத்தனை ஆண்டு என்பதை எழுத்தில் வரைந்து பள்ளிவாசல் பலகையில் ஒட்டவேண்டும். முதலாண்டு சேர்க்கைக்கு உதவிய பிள்ளைக்கு இறுதியாண்டு வரை உதவி உறுதி என்பது அதில் இருக்கவேண்டும். படிப்பை நடுவில் நிறுத்தும் பிள்ளைக்கு நாம் கொடுத்த முதலாண்டுப் பணமும் பயனற்றுப் போகிறது.

இரண்டாவதாக, உதவி பெற்றோர் பதிவேடு ஒன்று வேண்டும். படித்து முடித்து வேலைக்குச் சென்றோர், தாம் பெற்ற அளவை வட்டியில்லாக் கடனாகக் கருதி, இயன்றபோது நிதிக்குத் திருப்பித் தரலாம். கலாம் அவர்கள் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது, கட்டணத்துக்காக அவருடைய சகோதரி தம் நகைகளை அடகு வைத்ததை நாடே அறியும். அத்தகைய சகோதரி எல்லா வீட்டிலும் இருக்கலாம். அடகு வைக்க நகை எல்லா வீட்டிலும் இராது. அந்த இடத்தை நிரப்பவே இந்நிதி.

மூன்றாவதாக, பெண்பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றும், பயணத்துக்கும் விடுதிக்கும் அஞ்சி வீட்டோடு நிற்கும் பெண்பிள்ளைகள் நம் கரையெங்கும் உள்ளனர். கீழக்கரையில் 1988-இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி தோன்றியது. தூத்துக்குடியில் 1948 முதலே மகளிர் கல்லூரி உள்ளது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நம் ஊருக்குக் குறைவாக இருப்பது கல்லூரியன்று. பாதுகாப்பான போக்குவரத்தும் பெற்றோருக்கு நம்பிக்கையூட்டும் வழிகாட்டுதலும்தான். புதிய கல்லூரி வேண்டும் என்று தீர்மானம் போடுமுன், இருக்கும் கல்லூரிகளுக்கு நம் பெண்களை அனுப்ப வழி செய்வோம். முதலியார் குழுவின் சுகாதார அறிக்கை சொன்ன நெறியும் இதுவே.

நான்காவதாக, கல்விக் குழுவில் முப்பது வயதுக்கு உட்பட்ட இருவர் இடம்பெறவேண்டும். பழைய பொறுப்பாளர்கள் ஓராண்டு அவர்களோடு இருந்து, கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் கற்றுக்கொடுத்து, பின்னர் விலகி நிற்கவேண்டும். அனுபவம் மனத்திலேயே இருந்தால் அது மனிதரோடு போய்விடும். பதிவேட்டில் இறங்கினால் ஜமாஅத்தின் சொத்தாகும்.

விடைபெறும் நிர்வாகப் பெருமக்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. உங்கள் உழைப்பை இன்று நாங்கள் புகழ்வது எளிது. அதனினும் பெரிய மரியாதை ஒன்று இருக்கிறது. நீங்கள் தொடங்கிய உதவியால் படிக்கும் பிள்ளை, அடுத்த ஜூன் மாதம் கட்டணம் கட்டவேண்டிய நாளில், யார் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று விசாரிக்காமலேயே பள்ளிவாசல் அலுவலகத்துக்கு வந்து, விதிப்படி தனக்குரியதைப் பெற்றுச் செல்லவேண்டும். அன்று உங்கள் பெயர் அப்பிள்ளைக்கு நினைவில் இல்லாமல் போகலாம். போகட்டும். அதுவே உங்கள் பணி நிலைத்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

மேற்கூறிய நான்கையும் பேரவை இன்றே ஆராய்ந்து தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு கேட்டு, கல்விக் குழுவின் சார்பில் உரையை நிறைவு செய்கிறோம்.